யட்டியாந்தோட்டை கொழுந்து மாடியும் குறையில்லாத ரிமோட்டும்

2008 ஜூனில், மழை விடாமல் பெய்த ஒரு வியாழக்கிழமை யட்டியாந்தோட்டைக்குப் போய்வந்தேன். உல்லாசப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் வயிற்றுப்பாடு. தொழிற்சாலைகளில் பாரம் தூக்கும் ஹொய்ஸ்ட்டுக்கு வயர் இல்லாத ரிமோட் பூட்டிக் கொடுப்பதும், அது முரண்டு பிடித்தால் போய்ப் பார்ப்பதும் என் தொழில். அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் பூட்டிய ரிமோட் "சரியில்லை" என்று மூன்றே கிழமையில் செய்தி வந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம். என் கையால் பூட்டியது சரியில்லாமல் போகுமா?

புறக்கோட்டையில் காலை 5.40க்கு பஸ். அவிசாவளைக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 85 ரூபாய். அங்கே மாறி, தெஹியோவிட்ட வழியாக யட்டியாந்தோட்டைக்கு இன்னும் ஐம்பது நிமிடம், 35 ரூபாய். இடப்பக்க ஜன்னல், வலப்பக்க ஜன்னல் என்று சண்டை போட வேண்டாம். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், இரண்டு பக்கமும் நனைவீர்கள். பஜாரில் ரொட்டியும் கட்டசம்பலும் நன்றாக இருந்தன. இரண்டாவது தடவை சம்பல் கேட்டேன், கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை.

தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர். ஓட்டோக்காரர் 400 கேட்டார், 350க்கு இறங்கினார். "ரோட்டு கெட்டுப் போயி கெடக்கு மாத்தயா, வண்டிதான் பாவம்" என்றார். ஏறிய பிறகு வண்டியைவிட என் இடுப்புதான் பாவம் என்று தெரிந்தது.

டீமேக்கர் கிருஷ்ணன் வாசலிலேயே நின்றார். தேயிலை வேலை முழுவதுக்கும் பொறுப்பு அவர்தான். "இன்னைக்குச் சரி வராட்டி ரிமோட்ட கழட்டிருங்க. பழைய வயரையே போட்டுர்றோம்" என்றார். பழைய வயர் எனக்குத் தெரியும். அதன் நுனியில் சுவிட்ச் பெட்டி கொக்கிக்கு நேர் கீழே தொங்கும். ஹொய்ஸ்ட் ஓட்டும் மாரிமுத்து அதைப் பிடித்தபடி பாரத்தின் அடியிலேயே நிற்பார். அப்படி நின்றபோதுதான் ஒரு கொழுந்துச் சாக்கு அறுந்து அவர் தோளில் விழுந்தது. அதனால்தான் ரிமோட்டே வாங்கினார்கள்.

பெட்டியைத் திறந்து பற்றரி, ரிலே, பொத்தான் என்று எல்லாவற்றையும் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. மாரிமுத்து ரிமோட்டோடு கொழுந்து வாட்டும் மாடியில் நின்று, சாக்குகளைப் பஞ்சு போல ஏற்றி இறக்கிக் காட்டினார். சாக்கை இழுத்து எடுப்பது அவர் மனைவி ராமாயி. புகார் சொன்னதும் ராமாயிதானாம்.

"என்னம்மா சரியில்ல?" என்று கேட்டேன்.

"சத்தமே இல்லைங்க" என்றார், சாக்கைப் பார்த்தபடி.

"மோட்டார் நல்லாத்தானே ஓடுது?"

"மோட்டார யாரு சொன்னா?" என்று கொழுந்தை அள்ளப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே பிளேன்டி குடிக்கும்போது கிருஷ்ணனிடம் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு யோசித்தார். "அட, அதுவா! தன்னக் கேக்காம கொள்ளாம பெரிய மகன மாரிமுத்து கொழும்புக் கடை வேலைக்கு அனுப்பிட்டாருன்னு பொங்கல்ல இருந்து அந்தம்மா வீட்டுல பேசுறது இல்லைங்க. வேலையில மட்டும் 'ஏத்துங்க', 'நிப்பாட்டுங்க'ன்னு மேல இருந்து கத்தும். இவரும் கீழ இருந்து பதில் குடுப்பாரு. இப்ப இவரே மாடிக்கு வந்து பாத்துப் பாத்து ஏத்துறாரு. கத்த வேண்டியதே இல்ல."

சாக்கு விழுந்த அன்று ராமாயி மாடியிலிருந்து ஓடிவந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவர் தோளைத் தடவிப் பார்த்தாராம். நேரே கிருஷ்ணனிடம் போய், "அந்த வயர மாத்துங்க" என்றாராம். இப்போது அதே வயரைத் திரும்பக் கேட்கிறார். வயர் வந்தால் பேச்சு வரும். மனிதர் மறுபடி பாரத்துக்கு அடியில் நிற்பார்.

மாரிமுத்துவைக் கீழே கூப்பிட்டேன். தராசுக்குப் பக்கத்தில், கொக்கியிலிருந்து பத்தடி தள்ளி நிற்க வைத்தேன். அங்கிருந்து பாரம் தெரியும், அது மாடிக்குள் போகும் வாசல் தெரியாது. "ரிமோட் பிடிக்கிறவர் தள்ளித்தான் நிக்கணும். மேல இருக்கிறவங்க குரல் குடுக்காம ஏத்தவோ நிப்பாட்டவோ கூடாது. இது விதி" என்றேன். பாதி விதி, மீதி என் கைச்சரக்கு. கிருஷ்ணன் மீசைக்குள் சிரித்தார்.

"ஏத்தவா?" என்று மாரிமுத்து குரல் கொடுத்தார்.

"ஏத்துங்க!"

"இன்னும்?"

"நிப்பாட்டுங்க!"

இரண்டு சாக்குகள் இப்படிப் போயின. மூன்றாவது பாதி வழியில் இருக்கும்போது மேலே இருந்து வேறொரு கேள்வி வந்தது. "புள்ள போன் பண்ணுச்சா?"

மாரிமுத்துவின் விரல் பொத்தானை விட்டது. சாக்கு அந்தரத்தில் நின்றது. "பண்ணுனான். ஞாயித்துக்கெழம வாறானாம். ஒங்கிட்ட சொல்லச் சொன்னான்."

"எப்ப பண்ணுனான்?"

"முந்தாநாளு."

"முந்தாநாளு பண்ணுனத இப்பத்தான் சொல்றீங்களா? நீங்கள்லாம் ஒரு மனுசனா?" என்று தொடங்கியதுதான்! ஐந்து மாதத்து வசவு மொத்தமும் அந்த வாசல் வழியே இறங்கியது. வேலை நிற்கிறதே என்று கிருஷ்ணன் வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாரிமுத்து ரிமோட்டை நெஞ்சோடு அணைத்தபடி, அண்ணாந்து பார்த்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கும் மனிதரை நான் கண்டதில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். திரும்பும்போது இரண்டு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். காலில் ஏறும் அட்டைப் பூச்சிக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு போங்கள். மாலை நான்கு மணிக்குள் பஜாருக்கு வந்துவிட்டால் அவிசாவளை பஸ்ஸில் இடம் கிடைக்கும். தொழிற்சாலையைப் பார்க்க டீமேக்கரிடம் முதலில் கேளுங்கள். உள்ளே மேலிருந்து ஒரு பெண் யாரையோ திட்டும் சத்தம் கேட்டால் பயந்து திரும்பிவிடாதீர்கள். ரிமோட் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.