டெல்சியின் நான்கு நல்ல பற்கள்

என் அக்கா டெல்சியின் வாயில் நான்கு பற்கள்தான் மிச்சம். நான்கும் கீழ்வரிசையில், சொத்தை இல்லாமல், கெட்டியாக. அவளுக்கு வந்த கேடே அவைதான்.

சுரங்கம் மூடிய பிறகு எங்கள் கென்டக்கி மலைப்பக்கம் பல் டாக்டர் யாரும் தங்கவில்லை. ஜூலை மாதம் சந்தைத் திடலில் பல்லுக்கும் கண்ணுக்கும் இலவச மருத்துவ முகாம் நடக்கும்; மாட்டுக்கொட்டகையில் நாற்காலி போட்டுப் பல் பிடுங்குவார்கள். ஒரு பல்லும் இல்லாதவருக்கு முழுப் பல்செட் இலவசம். ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் கிடையாது.

டெல்சிக்குப் பல்செட் வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்கடை முதலாளி அவளைப் பரிமாறும் வேலையிலிருந்து பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டான். "நீ சிரிச்சா வந்தவன் காபியக்கூட குடிக்காம ஓடுறான். பல்லோட வா, பழைய இடம் தரேன்."

முகாம் டாக்டர் சின்ன வயசுக்காரர்.

"இந்த நாலையும் பிடுங்கிடுங்க தம்பி."

"நல்ல பல்லைப் பிடுங்க மாட்டேன் மேடம்."

"அதுங்கதான் என் வியாதியே!"

"கெட்டுப்போனா வாங்க, உடனே எடுத்துடறேன்."

இதை அவள் வைத்தியமாகவே எடுத்துக்கொண்டாள். பல் தேய்ப்பதை விட்டாள். நாளெல்லாம் கோலாவை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தாள். நான் திட்டினேன்.

"அடியே காலேஜுக்காரி, டாக்டர் பேச்சக் கேக்காம உன் பேச்சயா கேப்பேன்?"

அடுத்த ஜூலையில் டாக்டர் மகிழ்ந்துபோனார். "அருமையா வெச்சிருக்கீங்க! இப்படியே பாத்துக்கோங்க."

அப்படியே பார்த்துக்கொண்டாள்.

அதற்கடுத்த ஜூலையில் நான்கும் ஆடின. நாக்கால் அசைத்து வரிசைக்கே காட்டினாள். டாக்டர் இடுக்கியை எடுத்துவிட்டார். அவள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்த நர்ஸ் ஓடிவந்து ஏதோ சொல்லவும், கீழே வைத்தார்.

"இவ்வளவு சர்க்கரையில பிடுங்கினா புண்ணு ஆறாது மேடம். குறைச்சிட்டு வாங்க."

"பல்லு கெட்டாத்தான் பிடுங்குவேன்னீங்க. கெடுத்தேன். அதுல சர்க்கரை ஏறிடுச்சு. இப்போ சர்க்கரை இருக்கு, பிடுங்க மாட்டேங்கறீங்க. இந்தக் கொட்டகையில மாட்டுக்குக்கூட இவ்ளோ சட்டம் கிடையாது தம்பி!"

வரிசையில் நின்றவர்கள் பொக்கைவாயோடு சிரித்தார்கள். அவள்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தாள்.

சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். வாங்கிக்கொடுக்க யாரும் முகாம் போடவில்லை. பிப்ரவரியில் இறந்துபோனாள்.

இந்த ஜூலையில் எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்க முகாமுக்குப் போனேன். அக்காவுக்குத் துணையாக வந்தவள் என்று கொட்டகை வாசலில் டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அக்காவுக்குச் சர்க்கரை குறைஞ்சுதா?"

என் பின்னால் வரிசை நீண்டு கிடந்தது.

"குறைஞ்சிடுச்சு," என்றேன்.

"அப்போ வரச்சொல்லுங்க. இந்த வருஷம் எடுத்துடலாம்."