அண்ணி வீட்டுக் கைக்குழந்தை

என் மகனுக்குப் பரம்பரைக் கோளாறு என்றார் விழுப்புரம் டாக்டர். சீக்கிரம் கண்டுபிடித்ததால் மருந்திலேயே மூளை தப்பிக்கும் என்றார். நெருங்கிய உறவில் கைக்குழந்தை இருந்தால் சோதிக்கச் சொன்னார்.

நாங்கள் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். என் கணவரின் தங்கைதான் என் அண்ணி. அவளுடைய குழந்தைக்காக வளவனூரில் என் பிறந்த வீட்டுக்குப் போனேன்.

“உன் புள்ள நோவ எம் புள்ள தலையில கட்டறியா? எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா, நீ பொட்டியத் தூக்கிக்கினு இங்கதான் வரணும்” என்றாள்.

என் அண்ணன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சொல்லிக்கோங்க அண்ணி. இங்க வந்தாலும் தெனமும் இதையேதான் சொல்லிக்கினு இருப்பேன்” என்று கிளம்பிவிட்டேன்.

ஒரு வருஷமாகிறது. அவர்கள் சோதிக்கவே இல்லை. அந்தக் குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லையாம். என் மகனோ அண்ணியின் போட்டோவைக் காட்டி ‘அத்தை’ என்கிறான். அவன் பேச மாட்டானா என்று ஏங்கியவள்தான் நான். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.