ஃபில்டரில் கிடைத்த மணி வளையல்

நம்பாதவர்கள் மலேசியாவில் இருக்கும் சுங்கை பினாங்குக்குப் போய்க் குமுதாவையே கேட்டுக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில். பேய் வர இருட்ட வேண்டும் என்று எந்த மடையன் சொன்னானோ!

கணவன் மோகனராஜ் காடியை ஓட்டிக்கொண்டு துறைமுக வேலைக்குப் போயிருந்தான். சமையலறையில் துணி துவைக்கும் மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் முரண்டு பிடித்தது. மேல்மாடியில் குடியிருந்த ஷர்மினி அக்கா, தாசேக் கெலுகோருக்கு வீடு மாறியபோது கொடுத்துவிட்டுப் போன மெஷின் அது. குழந்தைத் துணியோ மலையாய்க் குவிந்து கிடந்தது. ரிப்பேர்காரனைக் கூப்பிட்டால் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிப்பான். கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு குமுதாவே உட்கார்ந்துவிட்டாள்.

பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். கீழ்மூலையில் இருந்த சின்ன மூடியைத் திறந்தாள். அழுக்குத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. ஃபில்டரைத் திருகி எடுத்தாள்.

அதில் ஒரு வளையல் சிக்கியிருந்தது. திருஷ்டிக்குப் போடும் கறுப்பு மணி வளையல்.

"அப்பாடா!"

போன வாரம்தான் பாப்பாவின் வளையல் காணாமல் போயிருந்தது. கண் பட்டுவிடுமே என்று அவள் பட்ட பாடு கொஞ்சமா? நூல்தான் சிவப்பாக இருந்தது. மூன்று முடிச்சு வேறு. மாமியார் மாற்றிக் கோத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். கழுவி, பாயில் விளையாடிக்கொண்டிருந்த பாப்பாவின் கையில் மாட்டினாள். அங்கேதான் தப்புச் செய்தாள், பாவி மகள்.

பாப்பா விளையாட்டை நிறுத்தியது. மெஷினைப் பார்த்துச் சிரித்தது...

டொக்... டொக்...

உள்ளேயிருந்து யாரோ சின்ன விரலால் தட்டினார்கள்.

குமுதா பிளக்கைப் பார்த்தாள். தரையில்தான் கிடந்தது.

தொட்டி மெல்லச் சுழன்றது.

பாப்பா மெஷின் பக்கம் கையை நீட்டியது. நீட்டவில்லை... எதுவோ இழுத்தது! நூல் சதையில் இறுகியது. பிஞ்சு விரல்கள் நீலம் பாய்ந்தன. பாப்பா வீறிட்டது.

"விடு! எம்புள்ளைய விடு!"

கத்தரிக்கோலை நூலுக்கு அடியில் நுழைத்து வெட்டினாள்.

மணிகள் சிதறின. ஒவ்வொன்றாக உருண்டு... மெஷினுக்கு அடியில் போயின.

தொட்டி நின்றது.

செய்தி கேட்டு ஓடிவந்த மோகனராஜ் மெஷினை நகர்த்திப் பார்த்தான். ஒரு மணிகூட இல்லை.

"என்னலா உளறுற? பாப்பா வளையல் காடி சீட்டுக்கு அடியில கெடந்துச்சு. காலையிலதான் எடுத்தேன்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். கறுப்பு நூல்.

குமுதா போனைத் தேடி எடுத்தாள். ஷர்மினிக்குப் போன் போட்டாள்.

"அக்கா... உங்க மெஷின்ல ஒரு மணி வளையல் கெடச்சிச்சு. சிவப்பு நூலு..."

ஷர்மினி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மூனு முடிச்சு இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"அது எம்மவனோடது, குமுதா. நீ அங்க குடிவர்றதுக்கு முன்னயே காய்ச்சல்ல போயிட்டான். கையிலேருந்து கழட்ட மனசு வரல... அதோடதான்மா பொதச்சோம்."