பின்சீட்டில் ஒரு ‘தி’

போன மாதம் என் மனைவி என்னை மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

நிஜமாகத்தான். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு அவள் இங்கிலீஷ் டீச்சர். சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் எனக்கும் அதே பாடம். ‘எ’ எங்கே வரும், ‘ஆன்’ எங்கே வரும், ‘தி’ எங்கே வரும்? ஐம்பதைத் தாண்டிய ஆசாமிக்கு எதற்கு இந்தக் கூத்து என்கிறீர்களா?

பயம். வேறென்ன?

வாரா வாரம் உங்களோடு அரட்டை அடித்தாலும், எனக்குச் சோறு போடுவது இந்தப் பத்தி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. அங்கே நான் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். நண்பன் பாண்டு வெல்டிங் சூப்பர்வைசர். கம்பெனி கை மாறியதும், இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இன்டர்வியூ உண்டாம். அதுவும் இங்கிலீஷிலாம்!

எங்கள் இருவருக்கும் வீடு முத்தாபுதுப்பேட்டை. தினமும் என் பைக்கில்தான் போவோம். ஒரே நாற்காலிக்குப் போட்டி போடும் இருவர் ஒரே பைக்கில்... பெட்ரோல் விற்கிற விலை அப்படி.

“‘தி அம்பத்தூர்’னு எழுதி வெச்சிருக்கீங்க. ஊர் பேருக்கு எதுக்குங்க ‘தி’?” என்றாள் மனைவி, என் நோட்டைப் பார்த்து.

“ஒரு மரியாதைக்குப் போட்டேன்.”

“என் கிளாஸ் பிள்ளைங்க தேவலாம்.”

கடைசியில் அவளே இரக்கப்பட்டு விதியைச் சுருக்கிக் கொடுத்தாள். முதல் தடவை சொன்னால் ‘எ’. மறுபடியும் அதையே சொன்னால் ‘தி’. யாரோ எவரோ என்றால் ‘எ’. நமக்குத் தெரிந்தது என்றால் ‘தி’.

மறுநாள் இதைப் பாண்டுவுக்குச் சொன்னேன். போட்டியாளனுக்கே டியூஷன்! அன்றிலிருந்து பின்சீட்டில் பாடம் ஆரம்பித்தது.

“எ பஸ்” என்பான் திருமுல்லைவாயிலில். அதே பஸ் அம்பத்தூர் ஓ.டி.யில் எங்களை உரசிக்கொண்டு போகும். “மாமே, தி பஸ்! ஓரங்கட்டு!” என்று முதுகில் அறைவான்.

எஸ்டேட் முனை டீக்கடையில் காது மடிந்த நாய் ஒன்று உண்டு. முதல் நாள் ‘எ டாக்’. பாண்டு ஒரு பொறை பிஸ்கட் வாங்கிப் போட்டான். மறுநாள் அது வாலாட்டிக்கொண்டு வந்தது. “நம்மாளு மாமே. இன்னும் இன்னா ‘எ’? ‘தி’ போடு” என்றான்.

அவன் சிரித்துக்கொண்டே படித்தான். எனக்கோ எல்லாம் குழம்பியது. டீக்கடையில் “தி டீ, சர்க்கரை கம்மி” என்று கேட்டேன். கனவில் ஓர் ஆப்பிள் வந்து, ‘என் ஆன் எங்கேடா?’ என்று சட்டையைப் பிடித்தது.

இன்டர்வியூ நாள். முதலில் நான். புது ஆபீசர் சின்ன வயசு. வாயைத் திறந்தால்... கோயம்புத்தூர்த் தமிழ்!

“வாங்கண்ணா, உக்காருங்க. ஒருத்தர்தான் இருக்க முடியுங்க. உங்க ரெண்டு பேர்ல யாரை அனுப்பலாம்னு நீங்களே சொல்லுங்களேன்.”

இப்படியும் ஒரு கேள்வி உண்டா? எனக்குத் தமிழே மறந்துவிட்டது. ஒரு மாதமாக மனப்பாடம் செய்ததுதான் நாக்கில் இருந்தது. அது பாட்டுக்கு வந்து விழுந்தது.

“ஐ டோன்ட் நோ தி ஆன்ஸர், சார்.”

“பரவால்லீங்களே! இங்கிலீஷ் சுத்தமா வருதுங்க” என்றார்.

அடுத்து பாண்டு போனான். சீக்கிரமே வந்துவிட்டான். டீக்கடைக்கு நடந்தோம்.

“உன்னாண்ட இன்னா கேட்டாரு?”

“யாரை அனுப்பலாம்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். நீ?”

“நானும் தெர்லன்னுதான் சொன்னேன். தமிழ்ல கேட்டாரு, தமிழ்லயே சொல்ட்டேன்.” நாய்க்குப் பொறையைப் போட்டான். “இதுக்கா மாமே ரோடு பூரா எ, தின்னு கூவிகினு வந்தோம்?”

வெள்ளிக்கிழமை பாண்டுவுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

ஒரே கேள்வி. ஒரே பதில். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு ‘தி’யா, வேறு ஏதாவதா? தெரியாது. போய்க் கேட்கவும் இல்லை. அந்தத் தைரியம் இருந்தால் நான் ஏன் ஆப்பிளுக்குப் பயப்படுகிறேன்?

வேலை போனவர்களைப் பற்றி எத்தனை செய்தி படித்திருப்போம்! எல்லோரும் ‘எ’தான். யாரோ, எவரோ. படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடலாம். முதுகில் அறைந்து பஸ் காட்டியவனை அப்படிப் புரட்ட முடிகிறதா?

“பாண்டு அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க” என்றாள் மனைவி.

“போட்டு என்ன சொல்ல?” என்றேன்.

டீச்சர் போனை என் கையில் வைத்துவிட்டு நோட்டுத் திருத்தப் போனாள்.

திங்கட்கிழமை தனியாகப் போனேன். திருமுல்லைவாயிலில் பஸ் வந்தது. வெறும் பஸ். டீக்கடையில் நானே ஒரு பொறை வாங்கி நாய்க்குப் போட்டேன். அது மோந்துகூடப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிக் காலி பின்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த நாய்க்கு நான் இன்னும் ‘எ’தான்.