கலியமூர்த்தி சாருக்கு நான் சொல்லாத பதில்

கலியமூர்த்தி சார் போய்விட்டார்.

காலையில் வயலில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து போனை எடுத்தேன்... எங்கள் பழைய தையல் கம்பெனி குரூப்பில் அவர் போட்டோ. மாலை போட்டிருந்தார்கள். சீர்காழியில் மகள் வீட்டிலிருந்து நேற்றே எடுத்துவிட்டார்களாம்.

என்னைக் கூப்பிட்டுச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் சரிதான்... கடைசி இரண்டு வருஷம் நான் அவரோடு பேசவில்லை என்பது கம்பெனிக்கே தெரியும். ஏன் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

ஒரத்தநாடு ரோட்டில் எங்கள் கம்பெனி. வெளிநாட்டுப் போலீசும் பட்டாளமும் போடுகிற குண்டு தடுக்கும் சட்டை தைத்தோம். நான் அஞ்சாவதோடு சரி... ஆனால் தோள்பட்டைத் தையலில் என் கைக்கு ரிஜெக்ட் கிடையாது.

சார் எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் பார்ப்பவர். டெல்லி லைசென்ஸ், வாங்குகிறவன் கையெழுத்துப் போட்ட பேப்பர் எல்லாம் சரியாக இருந்தால்தான் ஒரு பெட்டி வெளியே போகும்.

ஒருமுறை லாரியில் ஏற்றின சரக்கையே இறக்கச் சொல்லிவிட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை விடாமல் வந்து தைத்தது அது. எங்கள் லைன் செல்வி சும்மா இருப்பாளா?

"பொண்ணு குடுக்கிறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க சார்!"

"பொண்ணு போற எடம் சரியில்லன்னா திரும்பி வந்துடும்மா. இது வராது. பேப்பர்ல வாங்குறது ஒரு நாடு, எறக்குறது வேற நாடு. யார் உடம்புல ஏறுதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

முதலாளி கத்தினார். சார் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். மனைவி இல்லாத மனிதர்... தினமும் தயிர் சாதம்தான். அன்றிலிருந்து என் வத்தக்குழம்பில் பாதி அவருக்கு.

"உப்பு கம்மிக்கா."

"ஓசிக்கு இது போதும் சார்."

இப்படி ஆறு வருஷம்.

என் பேரன் ஈராக்கில் எண்ணெய்க் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் போனில், "அப்பாயி, நீங்க தைக்கிற சட்டை ஒண்ணு கெடைக்குமா?" என்றான். என் கை தைத்ததை ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தையல் கோணிப்போன ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினேன். அந்தப் பக்கம் போகிற பக்கத்து வீட்டுக்காரரிடம், அப்பளக் கட்டுக்கு நடுவில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு. ஏர்போர்ட்டில் காட்ட ஒரு லெட்டர் மட்டும் சாரிடம் கேட்டேன்.

"லெட்டர் கெடக்கட்டும்க்கா. ஒண்ணா இருந்தாலும் ஆயிரமா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான். லைசென்ஸ் இல்லாம போனா, கொண்டுபோறவரைத்தான் பிடிப்பாங்க. யார் போட்டுக்கப் போறா?"

"என் பேரன்."

"எதுக்கு?"

"ஆசையாக் கேட்டான் சார்."

"சூப்பர்வைசருக்கு எதுக்குக்கா குண்டு தடுக்கிற சட்டை?"

வந்த கோபத்தில் அவர் முன்னாலேயே பேரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "சாருக்கு நீயே சொல்லுடா" என்றேன்.



"கேட்டுல நிக்கிறேன் அப்பாயி. செக்யூரிட்டி. பக்கத்து கேம்ப்புல சுட்டுட்டாங்க... பயமா இருக்கு. அப்பாகிட்ட சொல்லாதீங்க."

சார்தான் போனை வாங்கினார். "தம்பி, இதை உன் கம்பெனிதான் குடுக்கணும். வாயால கேக்காத, எழுத்துல கேளு. நான் சொல்றேன், எழுதிக்க." இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

சட்டையை மேஸ்திரியிடமே திருப்பிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து வேறு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

என் பெருமை உடைந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்... அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. செல்விக்குக்கூடத் தெரியாது.

அவர் ரிடையர் ஆன அன்று என் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து நின்றார். "சட்டை குடுத்தாங்களாக்கா?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

பொங்கலன்று ஒரு தடவை போன் அடித்தது. அவர் பெயர்தான்... அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது நானும் வேலைக்குப் போவதில்லை. வீட்டில் நான் மட்டும்தான். இதைச் சொல்லி அழ எனக்கு இருந்த ஒரே ஆளும் சீர்காழியில் சாம்பலாகிவிட்டார்.

இதை எழுதி ஃபேஸ்புக்கில் போடட்டுமா என்று பேரனைக் கேட்டேன். "போடுங்க அப்பாயி, அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான்.

என் பேரன் செக்யூரிட்டி. கேட்டில் நிற்கிறான்.

அந்த மாசமே சட்டை குடுத்துட்டாங்க சார். போட்டுக்கிட்டு நின்னு போட்டோ அனுப்பினான்... உங்ககிட்டக் காட்டாம வெச்சிருந்தேன்.

போயிட்டு வாங்க சார்.