போர்டு மாறியும் அழியாதது

செசிலியா, டவுன்ஷிப் அலுவலகம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறார். கான்ட்ராக்ட்தான். பத்தாண்டு தொடர்ந்து உழைத்தவர்கள் பர்மனென்ட் கேட்கலாம் என்பதால், மனு எழுதிப் பையில் வைத்திருந்தார்.

அன்று எரிந்துபோன மதர்போர்டை மாற்றி, பழைய ஹார்டு டிஸ்க்கையே மாட்டினார். விண்டோஸைப் புதிதாக ஏற்றவில்லை. சற்றுத் தடுமாறிய திரை, எல்லாக் கோப்புகளோடும் ஒளிர்ந்தது.

“ஒண்ணுமே அழியலியா?” என்றார் பர்மனென்ட் ஊழியர் சிங்காரவேல்.

“போர்டுதான் சார் மாறிச்சு. உள்ள இருக்கறது அப்படியேதாங்க இருக்கு.”

அப்போது புதிய கான்ட்ராக்டரின் ஆள் கேட் பாஸ் கொண்டுவந்தான். பணியில் சேர்ந்த நாள் என்று அன்றைய தேதி முத்திரையிட்டிருந்தது. பதினான்கு ஆண்டு உழைப்பை மறுபடியும் ஒரு முத்திரை துடைத்துவிட்டது.

சிங்காரவேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “இன்னிக்குத்தான் சேர்ந்தியாம்மா? ட்ரீட் எங்க?”

“கான்ட்ராக்டர் மாறுறப்பல்லாம் சேர்றேங்க சார். இதோட ஆறு ட்ரீட் பாக்கி.”

செசிலியா அடுத்த கணினியைத் திறந்தார். மனு பையிலேயே கிடந்தது.