எங்கள் வீட்டு வீட்டோ

அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது வங்கதேசப் போர் நடந்த கார்த்திகையில். காஞ்சிபுரத்தில் நான் பி.ஏ. அரசியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். திருப்புட்குழியைத் தாண்டிய கிராமத்திலிருந்து தினமும் பஸ். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். சர்வதேச அரசியல் என்ற பாடத்தை மற்ற இரண்டு பேரும் மனப்பாடம் செய்தார்கள். நான் ஒருத்திதான் அதை நிஜமென்று நம்பினேன்.

ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு அப்பா கேட்டார். “ரஷ்யாக்காரன் நமக்காக ஏதோ வீட்டோ போட்டுட்டானாமே, அது என்னாம்மா?” ஐ.நா. சபையில் ஐந்து பெரிய நாடுகளில் ஒன்று மட்டும் வேண்டாம் என்று சொன்னால் போதும், உலகமே கூடி எடுத்த முடிவும் செல்லாது என்றேன். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வார்த்தையில் வீடு இருக்கிறதே, அப்படியானால் அது வீட்டுக்குத்தான் வேண்டும் என்றார். படித்தவள் என்பதால் எங்கள் வீட்டு வீட்டோ எனக்கு என்று அன்றே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அதன்பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், “இன்னிக்குப் புடலங்காயாம், வீட்டோ உண்டா?” என்பார். நானும் கையைத் தூக்குவேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

நாங்கள் சமணர்கள். விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டுவிடுவோம். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிய பிறகு, அந்தத் துணியை அலசிய தண்ணீரை அம்மா திரும்பக் கிணற்றிலேயே விடுவாள். அதில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர் செத்துவிடக் கூடாதாம். எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு.

தை பிறந்ததும் அக்காவுக்கு வரன் வந்தது. வந்தவாசிப் பக்கம், நிலமும் மணிலாக்கொட்டை வியாபாரமும். வசதியான இடம். பெண் பார்க்க நாள் குறித்தார்கள்.

அதற்குப் பத்து நாள் முன்னால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். மத்தியான வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, அந்த இரண்டு பெண்களோடு மாட்டினி பார்க்கப் போனேன். வீட்டுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். கெட்ட பேர் என்று ஒன்று வந்தால் அன்றைக்கே படிப்புக்கு முழுக்கு என்று சொல்லித்தான் அப்பா என்னைக் கல்லூரியில் சேர்த்திருந்தார். தியேட்டருக்குப் போகும் வழியில் மண்டித் தெருவில் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. மாடு முன்னங்கால் மடங்கி விழுந்து கிடந்தது. ஓர் ஆள் அதைத் தார்க்குச்சியால் அடித்துக்கொண்டிருந்தான். கோபமாக அடித்திருந்தால் நான் மறந்திருப்பேன். அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. நிதானமாக, ஒரே இடத்தில், காதுக்குப் பக்கத்திலேயே அடித்தான். மாடு கத்தக்கூட இல்லை. பிறகு குச்சியை வண்டியில் சாய்த்து வைத்துவிட்டு, தோள் துண்டை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். அன்று நான் பார்த்த படத்தில் ஒரு காட்சிகூட எனக்கு நினைவில்லை.

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் வைத்தோம். மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்தார். தோள் துண்டை எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

அதே ஆள். தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். புதுப் பட்டுப்புடவையில் அக்கா அங்கே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், “என்னாம்மா, ஒரு மாதிரி இருக்கறே?” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா.”

வந்தவர்கள் போனதும் அப்பா, அம்மா, பெரியப்பா, மாமா எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் சம்மதம். அக்காவைக் கேட்டதற்கு, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “வீட்டோ உண்டாம்மா?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் மண்டியில் பார்த்ததை நான் சொல்லியிருந்தால் சம்பந்தம் அந்த நிமிஷமே முறிந்திருக்கும். வாயில்லா ஜீவனை அடிக்கிறவனுக்கு எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மண்டித் தெருவில் உனக்கு என்ன வேலை? பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. எந்த நாடாக இருந்தாலும் முதலில் தன் தலையைத்தான் காப்பாற்றிக்கொள்ளும் என்று எங்கள் விரிவுரையாளர் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். அக்கா கதவோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

பங்குனியில் கல்யாணம். அடுத்த மாதம் பரீட்சை. நடுநிலைமைக்கும் அணிசேராமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக என்று கேட்டிருந்தார்கள். அடித்தது யோகம் எனக்கு! நடுநிலை என்பது எது நடந்தாலும் வாயைத் திறக்காமல் ஒதுங்கி நிற்பது. அணிசேராமை என்பது யார் பக்கமும் சேராமல் நின்று, தப்பைத் தப்பென்று சொல்வது. நான்கு பக்கம் எழுதினேன். எழுதும்போது ஒரு வரியாவது சுட்டிருக்க வேண்டாமா எனக்கு? சுடவில்லை. முதல் வகுப்பில் தேறினேன்.

இரண்டாம் வருடம் ஆடிக்கு அக்கா வந்தபோது இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. காதில் சீழ் வைத்துக் கேட்காமல் போய்விட்டது என்றாள். அம்மா நம்பினாள். எனக்கு மட்டும் அந்த மாட்டின் காது கண்முன்னே வந்து நின்றது. இன்றும் வருகிறது. யாராவது ஈரக்கையைத் துண்டில் துடைத்தால் போதும், நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதற்கடுத்த வருடம் அக்கா மறுபடி வந்திருந்தாள். மத்தியானம் கொல்லையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தோம். இனிமேலும் தாங்காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டினி, மண்டி, தார்க்குச்சி, துண்டு, அத்தனையும். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், நான் உட்கார்ந்திருந்தது அவளுடைய இடது பக்கம். தெரியாமல் உட்கார்ந்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் வாய் அசைவதைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. வலது காதைத் திருப்பி, “என்னாம்மா சொன்னே?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா” என்றேன்.

கையிலிருந்த கொட்டையை உரித்து முறத்தில் போட்டாள். “அன்னிக்கு அடுக்களையிலேயும் இதையேதான் சொன்னே” என்றாள்.